யாளி முகமும் சீமை அலகும்

சதுரங்கப்பட்டினத்து டச்சுக் கோட்டையைப் பார்த்துவிட்டு வடக்கே போகிறவர்கள், மாமல்லபுரம் தாண்டி சாளுவன்குப்பத்தில் கட்டாயம் இறங்க வேண்டும். புலிக்குகை என்று ஊரார் சொல்லும் பல்லவர் காலப் பாறையில், மேடையை வளைத்து நிற்பவை யாளித் தலைகள். பிதுங்கிய விழி, விரிந்த வாய். அதே யாளியை இரும்பிலும் பார்க்கலாம், தஞ்சாவூர்க் கட்டாரிகளில். சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் ஆயுதக் கூடத்துக்குத் தஞ்சை அரண்மனையிலிருந்து வந்த ஆயுதங்கள் அவை.

கட்டாரியின் பிடியே தனி ரகம். இரண்டு பக்கச் சட்டங்களுக்கு நடுவே குறுக்குக் கம்பி. அதை முஷ்டியால் பற்றினால், நீட்டிய கைக்கு நேராக அலகு முன்னே பாயும். வெட்டுவதைவிடக் குத்துவதற்கே ஆன ஆயுதம். தஞ்சைக் கொல்லர்கள் புறங்கையை மூடப் பாய்மரத் துணிபோல் வளைந்த ஒரு தகட்டையும் சேர்த்தார்கள். சிலவற்றில் அந்தத் தகடு முழுக்கத் துளை வேலைப்பாடு. உச்சியில் யாளி முகம். கோயில் தூணில் காவல் நிற்கும் விலங்கு இங்கே வீரனின் கையைக் காக்கிறது. எதிரி முதலில் பார்ப்பதும் அதைத்தான்.

பிடி நம்முடையது, பல கட்டாரிகளில் அலகு ஐரோப்பாவுடையது. 16, 17ஆம் நூற்றாண்டுகளில் கப்பலேறி வந்த சீமை வாள் அலகுகளுக்கு இங்கே நல்ல கிராக்கி. நீண்ட அலகைக் குறைத்துப் பிடியோடு தறையாணி அடித்து இறுக்கினார்கள். அந்த வாள்கள் பிறந்த நாடுகளிலும் காவல் சின்னங்கள் உண்டு. ஜெர்மனியில் பஸ்ஸாவ், ஸோலிங்கன் ஊர்களின் கொல்லர்கள் ஓடும் ஓநாயைப் பொறித்தார்கள்; காயம் படாமல் அது காக்கும் என்பது சிப்பாய்களின் நம்பிக்கை. இத்தாலியப் பிரபு சேசரே போர்ஜியாவின் சடங்கு வாளில், அவர் குலச்சின்னமான எருதுக்கு வழிபாடு நடக்கும் காட்சியே பொறிக்கப்பட்டிருக்கிறது. ஓநாய், எருது, யாளி மூன்றுக்கும் வேலை ஒன்றுதான். அதனாலேயே இந்தக் கலப்புக் கட்டாரியை இரவல் பொருள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இரும்பை வாங்கிய கொல்லர், அதைக் காக்கும் தெய்வ விலங்கைத் தன் கோயிலிலிருந்தே எடுத்தார்.

1855இல் தஞ்சை மராட்டிய மன்னர் சிவாஜி ஆண் வாரிசின்றி இறந்தார். அரசு கிழக்கிந்தியக் கம்பெனி வசமானது. அடுத்த சில ஆண்டுகளில் ஆயுதசாலை கலைந்தது. ஏராளமானவை பழைய இரும்பாகப் போயின. மிஞ்சியவற்றில் சில எழும்பூரிலும், சில நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் வரையிலும் சிதறிக் கிடக்கின்றன. கண்ணாடிப் பேழைக்குள், அலகு எந்த நாட்டுடையது, யாளி எதற்காக என்று இரண்டு வரி தமிழில் எழுதி வைத்தால், சுற்றுலா வரும் பள்ளிப் பிள்ளைகள் அங்கே கொஞ்ச நேரம் நின்று பார்ப்பார்கள்.