பாட்டின் முடிவில் பெயரைச் சொன்ன பெண்கள்

குழாய்க்கு முன்னால் ஒரு நாய் காது கொடுத்துக்கொண்டு இருக்கும் படம் எம்மில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். அது 'ஹிஸ் மாஸ்டர்ஸ் வொய்ஸ்' இசைத்தட்டுக்களின் அடையாளம். அவற்றை வெளியிட்ட கிராமபோன் கம்பனி 1898இல் லண்டனில் தொடங்கப்பட்டது. அந்தக் கம்பனியை எமது பக்கத்து நாடுகளில் வளர்த்தவர்களின் முன்வரிசையில் நிற்பவர்கள் பெண்கள். இன்று பலருக்கும் இது தெரியாது.

1902ஆம் ஆண்டின் பிற்பகுதியில் பிரெட் கெய்ஸ்பேர்க் என்ற ஒலிப்பதிவாளரைக் கம்பனி கல்கத்தாவுக்கு அனுப்பியது. சில வாரங்களிலேயே அவர் 500க்கு மேற்பட்ட பதிவுகளைச் செய்து முடித்தார். புகழ்பெற்ற ஆண் வித்துவான்கள் பலர் அந்தக் கருவியை நம்பாமல் தயங்கினார்கள். முதலில் துணிந்து வந்து பாடியவர்களில் நாடக மேடைப் பெண்களும், சபைகளில் ஆடிப்பாடிச் சீவித்த பெண்களும் இருந்தார்கள். அவர்களில் பெரும் பெயர் பெற்றவர் கௌஹர் ஜான். அவர் பல மொழிகளில் சுமார் 600 பாடல்களைப் பதிவு செய்தார்.

அன்றைய ஒலிப்பதிவு இலேசான வேலையல்ல. ஒலிவாங்கி கிடையாது. பெரிய குழாயின் வாய்க்கு நேரே முகத்தை வைத்து உரத்துப் பாட வேண்டும். அந்த அதிர்வில் ஓர் ஊசி அசைந்து மெழுகுத் தட்டில் கோடு கீறும். பிழை விட்டால் புதுத் தட்டில் முதலிலிருந்து தொடங்க வேண்டும். மணிக்கணக்கில் பாடும் இராகத்தைச் சுமார் மூன்று நிமிடத்துக்குள் அடக்க வேண்டும். விற்பனைக்கு வந்த தட்டுக்களோ அரக்குக் கலவையால் ஆனவை. கைதவறி விழுந்தால் உடைந்துவிடும்.

பாட்டு முடிந்ததும் கௌஹர் ஜான் தன் பெயரை ஆங்கிலத்தில் உரத்துச் சொல்வார். பெருமைக்காகச் சொன்னதல்ல அது. மெழுகுத் தட்டுக்கள் கப்பலேறி ஜேர்மனியின் ஹனோவர் நகர ஆலைக்குப் போய்த்தான் இசைத்தட்டாகத் திரும்பி வந்தன. எந்தத் தட்டு யாருடையது என்று அங்கே வேலை செய்தவர்கள் அறிய அந்தக் குரல் அடையாளம் உதவியது. 1908இல் கல்கத்தாவிலேயே ஆலை வந்தது. கௌஹர் ஜான் 1930இல் மைசூரில் காலமானார். அவர் சேர்த்த செல்வம் அதற்கு முன்பே கரைந்து போயிருந்தது. ஆனால் அவரே சொன்ன அவரது பெயரை இன்றும் கேட்கலாம்.

தமிழ்ப் பெண்களும் பின்னிற்கவில்லை. சேலம் கோதாவரி, கோயம்புத்தூர் தாயி போன்றோர் அந்தத் தொடக்க காலத்திலேயே பாடினார்கள். குடும்பப் பெண்கள் சபையில் பாடுவதை ஊர் ஏற்காத காலம் அது. தேவதாசி மரபில் வந்த இவர்களை ஒதுக்கி வைத்த ஊரே இவர்களின் குரலைக் காசு கொடுத்து வாங்கி வீட்டில் வைத்துக் கேட்டது. தாயியின் குரல் கடல் கடந்தும் போனது. மொறிஸ் டெலாஜ் என்ற பிரெஞ்சு இசையமைப்பாளர் அவரது இசைத்தட்டை அடிப்படையாகக் கொண்டு 'ராகமாலிகா' என்ற இசையை ஆக்கினார். 1926இல் பத்து வயதுச் சிறுமியாக முதல் இசைத்தட்டில் பாடிய எம். எஸ். சுப்புலட்சுமிக்கு வீணை வாசித்தவர் அவரது தாயார் மதுரை சண்முகவடிவு.

இலங்கையில் இசைத்தட்டுப் பாடல்கள் வானொலியில் ஒலிக்கத் தொடங்கிய கதையும் நாம் அறிய வேண்டியது. 1923இல் கொழும்பு மத்திய தந்தி அலுவலகத்தின் சிறிய அறையொன்றிலிருந்து அவை பரீட்சார்த்தமாக ஒலிபரப்பாகின. பிடிபட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் கருவிகளைக் கொண்டே அந்த ஒலிபரப்புப் பெட்டியைச் செய்தார்கள். யுத்தத்துக்குச் செய்த கருவி பாட்டுக்கு உதவியது. 1990களில் பற்றரிக்குத் தடையிருந்தபோது, சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட வன்னி மக்களுக்கு இந்தக் கதை புதிதல்ல.

சகோதரிகளே, மாங்குளத்திலும் அயற்கிராமங்களிலும் ஒரு புகைப்படம் கூட மிஞ்சாத வீடுகள் எத்தனை! இழந்தவர்களின் குரலை இனிப் பதிவு செய்ய முடியாது. ஆனால் எம்மோடு இருக்கும் அம்மம்மாமாருக்குத் தாலாட்டுத் தெரியும், ஒப்பாரி தெரியும், வயலில் பாடிய பாட்டும் தெரியும். இன்று குழாயும் மெழுகும் தேவையில்லை, கையிலுள்ள தொலைபேசி போதும். அவர்களின் சம்மதம் கேட்டு, சத்தமில்லாத நேரம் பார்த்துப் பதிவு செய்யுங்கள். பாட்டு முடிந்ததும் பெயர், ஊர், திகதி மூன்றையும் அவர்களின் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள். தொலைபேசி பழுதானாலும் குரல் போகாதபடி, பிள்ளைகளிடமோ உறவினரிடமோ இன்னொரு பிரதி கொடுத்து வையுங்கள்.