வீட்டுக்குள் வெள்ளமா? கழுவித் தள்ளும் முன் இதைச் செய்யுங்க... இன்சூரன்ஸ் கிளெய்ம் பெறுவது எப்படி?

2015 டிசம்பர் வெள்ளம், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்... சென்னையில் தரைத்தளத்தில் குடியிருப்பவர்களால் இந்த இரண்டையும் லேசில் மறக்க முடியாது. தண்ணீர் வடிந்ததும் சேற்றைக் கழுவிவிட்டு, ஊறிப்போன மெத்தையைத் தெருவில் போடுவதுதான் வழக்கம். ஆனால் வீட்டுக்கு இன்சூரன்ஸ் இருந்தால், அந்த அவசரமே கிளெய்ம் தொகையைக் குறைத்துவிடலாம்.

பாலிசி இருக்கா?

வீட்டுக்கடன் வாங்கும்போதே பலருக்கு வீட்டு இன்சூரன்ஸும் சேர்த்துப் போடப்பட்டிருக்கும். கடன் ஆவணங்களில் தேடிப் பாருங்க. 2021 ஏப்ரல் 1 முதல் 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற பொதுவான பாலிசி நடைமுறையில் இருக்கிறது. புயல், வெள்ளம் மட்டுமல்ல, தண்ணீர் தொட்டியோ குழாயோ வெடித்து ஏற்படும் சேதமும் இதில் அடங்கும். கட்டடத்துக்கு எடுத்தாலே, அந்தத் தொகையில் 20% வரை (அதிகபட்சம் ரூ.10 லட்சம்) வீட்டுப் பொருட்களுக்கும் பாதுகாப்பு உண்டு. வாடகைக்கு இருப்பவர்கள் பொருட்களுக்கு மட்டும் எடுக்கலாம்.

தண்ணீர் வடிந்ததும் என்ன செய்யணும்?

* மெயின் ஸ்விட்ச் தண்ணீரில் நின்றால் தொடாதீங்க. மின்வாரிய ஊழியரையோ எலெக்ட்ரீஷியனையோ கூப்பிடுங்க. நனைந்த ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷினை 'ஓடுதா பார்ப்போம்' என்று போட்டுப் பார்க்காதீங்க.

* கழுவும் முன் போட்டோ, வீடியோ எடுங்க. சுவரில் தண்ணீர் ஏறிய தடம், பொருளின் மாடல் நம்பர், சீரியல் நம்பர் தெளிவாகத் தெரியணும்.

* உடனே இன்சூரன்ஸ் நிறுவனத்துக்குச் சொல்லி, கிளெய்ம் நம்பர் வாங்குங்க. தாமதம் ஆக ஆக கேள்விகள் கூடும்.

* அதற்காக வீட்டைச் சேற்றிலேயே விட்டு வைக்கவும் கூடாது. சேதம் பரவாமல் தடுப்பது பாலிசிதாரரின் பொறுப்பு. தண்ணீரை இறைத்து, ஜன்னலைத் திறந்து உலர விடுங்க. கெட்டுப்போன பொருட்களை மட்டும் சர்வேயர் பார்க்கும் வரை ஓரமாக வையுங்க.

* நாற்றம் தாங்காமல் அப்புறப்படுத்தியே ஆகணும் என்றால், நிறுவனத்துக்கு மெயில் அனுப்பிவிட்டுச் செய்யுங்க.

சர்வேயர் வரும்போது

பொருட்களின் பட்டியல், பில்கள், பழுதுபார்ப்பதற்கான எஸ்டிமேட் ஆகியவற்றைத் தயாராக வைத்திருங்க. பில் வெள்ளத்தில் போய்விட்டதா? ஆன்லைன் ஆர்டர் விவரம், கார்டு ஸ்டேட்மென்ட், இ.எம்.ஐ. ரசீது கைகொடுக்கும். அவர் சொல்லும் மதிப்பு குறைவாகத் தோன்றினால் காரணத்தை எழுத்தில் கேளுங்க.

எதற்குக் கிடைக்காது?

பல மாதங்களாகக் கசிந்து சுவர் ஊறிப்போனால், அது பராமரிப்புக் குறை. ரொக்கப் பணத்துக்கும் வாகனத்துக்கும் வீட்டு பாலிசியில் இடமில்லை. நகைக்குத் தனியாகச் சேர்த்திருக்கணும். நிலத்தின் விலையும் கணக்கில் வராது. கட்டுமானச் செலவு மட்டுமே.

கிளெய்மை மறுத்தால்?

முதலில் நிறுவனத்தின் குறைதீர் பிரிவில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுங்க. ஒரு மாதத்தில் பதில் வரவில்லை அல்லது பதில் திருப்தி இல்லை என்றால் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனை அணுகலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. ஐ.ஆர்.டி.ஏ.ஐ-யின் 'பீமா பரோசா' தளத்திலும், 155255 என்ற எண்ணிலும் புகாரைப் பதியலாம்.

வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன், அறை அறையாக வீட்டை ஒரு வீடியோ எடுத்து, பாலிசி நகலோடு மெயிலில் போட்டு வையுங்க. எந்தப் பொருள் வீட்டில் இருந்தது என்பதற்கு அதுவே நல்ல சாட்சி.