முதுகுப்பையில் ஊர் சுற்றும் பூச்சி

ஊர் சுற்றும் இளைஞர்கள் மலிவாகத் தங்கிச் செல்ல, ரிச்சர்ட் ஷிர்மான் என்ற பள்ளி ஆசிரியர் 1912இல் ஜெர்மனியின் ஆல்டெனா கோட்டையில் ஒரு விடுதியைத் தொடங்கினார். 'யூத் ஹாஸ்டல்' வழக்கம் அங்கிருந்துதான் உலகெங்கும் பரவியது. ஒரே அறையில் வரிசையாக அடுக்குக் கட்டில்கள், பொதுக் குளியலறை, பொதுச் சமையலறை, கையைக் கடிக்காத வாடகை. இன்றைய பேக்பேக்கர் ஹாஸ்டலும் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கிறது. தினம் ஒரு புது ஆள் வந்து படுக்கும் இந்தக் கட்டில்கள், வாடகையே தராத ஓர் உயிருக்கும் வசதியாகப் போய்விட்டன. அதுதான் மூட்டைப்பூச்சி.

இதில் மனிதரை நம்பி வாழும் இனங்கள் முக்கியமாக இரண்டு. குளிர் நாடுகளில் சைமெக்ஸ் லெக்டுலேரியஸ், நம்மைப் போன்ற வெப்ப நாடுகளில் சைமெக்ஸ் ஹெமிப்டெரஸ். வளர்ந்த பூச்சி சுமார் 5 மில்லிமீட்டர் நீளம், செம்பழுப்பு நிறம். இதற்குப் பறக்கவும் தெரியாது, குதிக்கவும் தெரியாது. ஆனால் உடல் தட்டையானது. அதனால் மெத்தையின் விளிம்புத் தையல், கட்டில் சட்டத்தின் இடுக்கு, திருகாணித் துளை என்று எதிலும் நுழைந்துகொள்ளும்.

இதன் ஒரே உணவு இரத்தம். நாம் விடும் மூச்சிலுள்ள கார்பன் டை ஆக்சைடும் உடல் சூடும் இதற்கு வழிகாட்டிகள். ஊசி போன்ற வாயுறுப்பில் இரண்டு குழாய்கள் உண்டு. ஒன்று இரத்தம் உறையாமலிருக்க உமிழ்நீரைச் செலுத்தும், மற்றொன்று இரத்தத்தை உறிஞ்சும். ஐந்து முதல் பத்து நிமிடத்தில் வயிறு புடைக்கக் குடித்துவிட்டு இடுக்குக்குத் திரும்பிவிடும். கடிபடும்போது பெரும்பாலும் வலி தெரியாது. தடிப்பும் அரிப்பும் தோன்றச் சிலருக்குப் பல நாட்கள் ஆகும், சிலருக்குத் தோன்றுவதே இல்லை. அதனால் போன வாரம் தங்கிய இடத்தில் வாங்கிய கடிக்கு, நேற்று தங்கிய விடுதிக்காரர் திட்டு வாங்குவதும் நடக்கும். ஒன்று மட்டும் ஆறுதல்: கொசுவைப் போல மூட்டைப்பூச்சி மனிதருக்கு நோய் பரப்புவதாக இதுவரை உறுதியாகவில்லை.

பறக்காத பூச்சி கண்டம் விட்டுக் கண்டம் போவது நம் பைகளில்தான். பிரிட்டனின் ஷெஃபீல்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். துவைத்த துணியை ஒரு பையிலும் உடுத்திக் கழற்றிய துணியை இன்னொரு பையிலும் போட்டு, நடுவே மூட்டைப்பூச்சிகளை விட்டார்கள். அழுக்குத் துணிப் பையில் இரண்டு மடங்கு பூச்சிகள் சேர்ந்தன. துணியில் தங்கிய மனித வாடை போதும், ஆள் இருக்கிறார் என்று அவை நம்பிவிடுகின்றன. கட்டிலடியில் வாய் திறந்து கிடக்கும் முதுகுப்பை அவற்றுக்கு எப்படிப்பட்ட அழைப்பு என்று எண்ணிப் பாருங்கள்.

பைக்குள் ஏறியது கருவுற்ற ஒரே ஒரு பெண் பூச்சியாக இருந்தாலே போதும், புதுக் குடியிருப்பு உருவாகிவிடும். நாளுக்குச் சில முட்டைகளாக, வாழ்நாளில் நூற்றுக்கணக்கில் இடும். பட்டினி கிடந்தும் மாதக்கணக்கில் உயிர் வாழும். டி.டி.டி. தொடங்கிப் பல பூச்சிமருந்துகளுக்கு இப்போது எதிர்ப்புத்திறனும் பெற்றுவிட்டது. இது அசுத்தத்தைத் தேடி வருவதில்லை, ஆளைத் தேடி வருகிறது. பளபளக்கும் நட்சத்திர விடுதியும் இதற்கு விலக்கல்ல.

ஆனால் சூட்டை இதனால் தாங்க முடியாது. 50 டிகிரி செல்சியஸ் வெப்பம் நேராகப் பட்டால் பூச்சியும் சாகும், முட்டையும் அழியும். கட்டில் இடுக்குகளில் கொதிநீரை ஊற்றிய நம் பாட்டிமார்களின் வைத்தியம் அறிவியல்படியும் சரியானதே.

ஹாஸ்டலில் படுக்கை கிடைத்ததும் பையை இறக்கும் முன் இரண்டு நிமிடம் செலவிடுங்கள். விரிப்பை விலக்கி, மெத்தையின் நான்கு மூலைகளிலும் தையலோரமாகக் கைபேசி வெளிச்சத்தைப் பாய்ச்சுங்கள். பேனா மை சிந்தியதுபோல் கரும்புள்ளிகள் கூட்டமாகத் தெரிந்தால் அது பூச்சியின் எச்சம். ஈரத் துணியால் தேய்த்தால் பழுப்பாகப் படரும். உரித்துப் போட்ட வெளிர் தோல்களும் கிடக்கலாம். கண்டால் வரவேற்பறையில் சொல்லி வேறு அறை கேளுங்கள். அடுத்த கட்டிலுக்கு மாறுவதால் பயனில்லை.

பையைத் தரையிலோ கட்டிலிலோ வைக்காமல் உலோக அடுக்கில் வையுங்கள். அழுக்குத் துணியை இறுக்கக் கட்டிய பிளாஸ்டிக் பையில் போடுங்கள். வீடு திரும்பியதும் பையைப் படுக்கையறைக்குக் கொண்டுபோகாதீர்கள். துணிகளை 60 டிகிரி வெந்நீரில் துவைப்பது அல்லது உலர்த்தும் இயந்திரத்தின் உச்சச் சூட்டில் அரை மணி நேரம் ஓட்டுவது நல்லது. கடித்த அடையாளம் எதுவும் இல்லாவிட்டாலும் இதைச் செய்யுங்கள். பூச்சி வீட்டுக்குள் குடியேறிவிட்டால், அதை விரட்ட ஆகும் செலவு மலிவு விடுதியில் மிச்சம் பிடித்த காசையெல்லாம் விழுங்கிவிடும்.