குறியீட்டு நிதி: ஆதாயம் எவ்வளவு, கட்டணம் எவ்வளவு?

அல்சூரில் நெடுங்காலமாகக் குடியிருக்கும் வாடிக்கையாளர் ஒருவர், முதிர்வடைந்த வைப்புத்தொகை 10 லட்சம் ரூபாயை என்ன செய்யலாம் என்று கேட்டு எங்களிடம் வந்தார். இன்டெக்ஸ் ஃபண்டில் போடும்படி மகன் தொலைபேசியில் சொல்லியிருக்கிறார். நாங்கள் விவரம் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டவர், கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார்: "இதுல பேங்குக்கு எவ்வளவு ஸார் கிடைக்கும்?" வாடிக்கையாளர்கள் அரிதாகவே கேட்கும் கேள்வி இது. அன்று அவருக்குச் சொன்ன விடையைச் சற்று விரித்து இங்கே எழுதுகிறோம்.

முதலில், குறியீட்டு நிதி என்பது என்ன? 30 நிறுவனங்களைக் கொண்ட சென்செக்ஸ் 1986-இலும், 50 நிறுவனங்களைக் கொண்ட நிஃப்டி 1996-இலும் அறிமுகமாயின. இவற்றுள் ஒன்றிலுள்ள எல்லாப் பங்குகளையும் அதே விகிதத்தில் வாங்கி வைத்திருப்பதே குறியீட்டு நிதியின் வேலை. எந்தப் பங்கு ஏறும், எது இறங்கும் என்று கணிக்கும் பொறுப்பு அதன் மேலாளருக்கு இல்லை. நல்ல பங்கு எது என்று விசாரித்துக்கொண்டு ஜே.சி. சாலையிலிருந்த பெங்களூர் பங்குச் சந்தையின் தரகர்களை நாடிச் சென்ற தலைமுறை இந்நகரில் இன்னும் இருக்கிறது. அச்சந்தை 2014-இல் விடைபெற்றது; அந்தக் கேள்வி மட்டும் விடைபெறவில்லை.

இம்முறையின் ஆதாயத்தை ஒரு நிகழ்வால் விளக்கலாம். 2009 ஜனவரியில் சத்யம் நிறுவனத்தின் கணக்கு மோசடி வெளியானது. சில நாள்களுக்குள் அது நிஃப்டியிலிருந்து நீக்கப்பட்டு, வேறொரு நிறுவனம் அவ்விடத்துக்கு வந்தது. குறியீட்டு நிதியில் முதலிட்டவர்களுக்கும் நட்டம் ஏற்படாமல் இல்லை; பங்கு விழுந்த பிறகுதானே நீக்கம் நடந்தது. ஆயினும் அது ஐம்பதில் ஒன்றன் நட்டம். சத்யம் பங்கை மட்டுமே நம்பியிருந்தவரின் நிலை வேறு.

பொதுமக்களுக்கான முதல் குறியீட்டு நிதியை அமெரிக்காவில் ஜான் போகல் 1976-இல் தொடங்கினார். இந்தியாவில் நிஃப்டியைப் பின்தொடர்ந்து சந்தையிலேயே வாங்கி விற்கத்தக்க முதல் நிதி 2001 இறுதியில் வந்தது. தொழிலாளர் வருங்கால வைப்பு நிதி நிறுவனமும் 2015 ஆகஸ்டு முதல் தன் புதிய வரவில் ஒரு பகுதியை இவ்வகை நிதிகளில் முதலிட்டு வருகிறது. ஆகவே, பி.எஃப். சந்தா செலுத்தும் பலர் தாம் அறியாமலேயே இதில் பங்குடையவர்கள்.

இனி கட்டணம். லாக்கர் வாடகை பாஸ்புக்கில் பற்றாகத் தெரியும், கேள்வி கேட்கலாம். நிதியின் செலவு விகிதம் அப்படித் தெரிவதில்லை. நாள்தோறும் சிறிது சிறிதாகக் கழிக்கப்பட்ட பிறகே யூனிட்டின் மதிப்பு அறிவிக்கப்படுகிறது. குறியீட்டு நிதிகளுக்கு 1 சதவீத உச்சவரம்பை செபி 2019 ஏப்ரல் முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அதனினும் மிகக் குறைவாக வசூலிக்கும் நிதிகளும் பல உள்ளன.

ஒரு சதவீதம் என்ன பெரிய தொகையா என்று தோன்றலாம். கணக்குக்காக மட்டும், சந்தை ஆண்டுக்கு 11 சதவீதம் தருவதாகக் கொள்வோம். அப்படித் தரும் என்று எவரும் உறுதி கூற இயலாது. 10 லட்சம் ரூபாய் 20 ஆண்டுகளில், செலவு 0.2 சதவீதமானால் ஏறத்தாழ 77.8 லட்சமாகும். செலவு 1 சதவீதமானால் 67.3 லட்சம். வேறுபாடு ஏறத்தாழ பத்தரை லட்சம், அதாவது போட்ட முதலையே விஞ்சிய தொகை! வருமானம் ஊகம், கட்டணமோ உறுதி.

இப்போது அந்தக் கேள்விக்கு வருவோம். 2013 ஜனவரி முதல் ஒவ்வொரு நிதியும் நேரடித் திட்டம், வழக்கமான திட்டம் என இரு வடிவங்களில் கிடைக்கிறது. இரண்டிலும் உள்ளவை அதே பங்குகள். வழக்கமான திட்டத்தின் செலவு கூடுதல். அந்தக் கூடுதல் விநியோகஸ்தரின் தரகுக்காக. வங்கியும் விநியோகஸ்தரே. படிவம், நியமனம், இறப்புக்குப் பின் வாரிசுக்கு மாற்றுதல், சந்தை சரியும் நாளில் பதறிப்போய் விற்காதபடி ஒரு சொல் ஆகியவை அதற்கு ஈடாகக் கிடைக்கும் சேவைகள். இவை தேவைப்படுவோர் பலர். ஆனால் பங்குகளைத் தேர்ந்தெடுக்கும் வேலையே இல்லாத நிதிக்கு அதிகத் தரகு கொடுப்பதில் நியாயம் குறைவு என்பதே எங்கள் கருத்து.

செலவு குறைந்த நிதியே சிறந்தது என்றும் முடிவு கட்டிவிடக்கூடாது. குறியீட்டின் வருமானத்துக்கும் நிதியின் வருமானத்துக்கும் உள்ள இடைவெளியை நிதி நிறுவனங்கள் வெளியிட வேண்டும், அதையும் பாருங்கள். ஈவுத்தொகையையும் சேர்த்துக் கணக்கிடும் குறியீட்டுடன் ஒப்பிடுவதே முறை. ஓராண்டுக்கு மேல் வைத்திருந்து விற்றால், நிதியாண்டுக்கு 1.25 லட்சத்துக்கு மேற்பட்ட ஆதாயத்துக்கு 12.5 சதவீத வரி உண்டு. அதற்கு முன்பே விற்றால் 20 சதவீதம்.

வைப்புத்தொகைக்குள்ள 5 லட்சம் ரூபாய்க் காப்பீடு இதற்கு இல்லை. 2008 ஜனவரியில் 21,000-ஐத் தொட்ட சென்செக்ஸ், அதே ஆண்டு அக்டோபரில் 8,000-க்கும் கீழே போனது. நிதி எவ்வளவு மலிவானதாயினும் அந்தச் சரிவிலிருந்து தப்பியிருக்காது.

இரண்டாண்டுகளில் மாடி கட்டும் எண்ணம் அவருக்கு இருந்தது. ஆறு லட்சத்தை மீண்டும் வைப்பில் இட்டார். மீதி நான்கு லட்சத்தை மகனின் உதவியோடு நேரடித் திட்டத்தில் போட்டார். எங்கள் கிளைக்கு அதில் தரகு ஏதுமில்லை. மறுவாரம் வந்து, நியமனதாரராக மனைவியின் பெயர் சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று கைப்பேசியை நீட்டிக் கேட்டார். பார்த்துச் சொன்னோம்.