பள்ளிப் படிப்பா, கைத்தொழிலா?

ஆண்டுதோறும் பத்தாம் வகுப்புத் தேர்வின் முடிவு வெளிவந்தவுடன், ஆழ்வார்திருநகரி வட்டாரத்துக் கிராமங்களில் ஒரு கேள்வி எழுகின்றது. பிள்ளையை மேலே படிக்க வைப்பதா, அல்லது வாழைத் தோட்டத்திற்கோ, வெற்றிலைக் கொடிக்காலுக்கோ, கடல் தொழிலுக்கோ அனுப்புவதா? எல்லாக் குடும்பத்திற்கும் ஒரே விடை பொருந்தாது. ஆயினும், முடிவு செய்யுமுன் சிந்திக்க வேண்டியவை சில உண்டு. அவற்றைப் பஞ்சாயத்து உறுப்பினர்கள் முன்னும் விவசாயப் பெருமக்கள் முன்னும் வைக்க விரும்புகிறோம்.

பள்ளிக்கு வெளியே கிடைக்கும் அறிவைத் தாழ்வாக எண்ணுவதற்கில்லை. ஆழ்வார்திருநகரிக் கோயிலில் நிகழும் அரையர் சேவை, தந்தை மகனுக்கு வாய்மொழியாகக் கற்பித்து வந்த கலையாகும். தாமிரபரணிப் பாசனத்தில் விளையும் ஆத்தூர் வெற்றிலைக்கு 2023-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. அப்பெருமையில், கொடிக்காலில் தலைமுறை தலைமுறையாகப் பழகிய கைகளுக்குப் பெரும் பங்கு உண்டு.

எனினும், ஒரு தொழிலை மட்டுமே நம்பிய வாழ்வுக்கு வரக்கூடிய இடரையும் நம் கடற்கரையே காட்டுகின்றது. தூத்துக்குடிக் கடலில் 1955 முதல் 1961 வரை நடைபெற்ற முத்துக்குளிப்பே கடைசியானது. பார்களில் முற்றிய சிப்பி அருகியதும் அத்தொழில் நின்றது. மூழ்கும் திறமை ஒன்றையே அறிந்தோர்க்குச் சங்கு குளித்தல் மட்டும் எஞ்சியது. பின்னர் 1973-இல், அதே தூத்துக்குடியில், மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் சிப்பியினுள் சிறு மணியைப் பதித்து முத்தை விளைவித்துக் காட்டினர். கடலடியிலிருந்து சிப்பியை எடுக்க மூழ்கும் திறமை வேண்டும். அதனுள் முத்தை விளைவிக்க உயிர்நூற் கல்வி வேண்டும். கைப்பழக்கமும் கல்வியும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதை இதனால் அறியலாம்.

பழைய அனுபவம் ஒன்றையும் நினைவு கூர்தல் நலம். 1953-இல் சென்னை இராஜ்யத்தின் கிராமத் தொடக்கப் பள்ளிகளில் வகுப்பு நேரம் நாளொன்றுக்கு மூன்று மணியாகக் குறைக்கப்பட்டது. எஞ்சிய நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழக வேண்டும் என்பது திட்டம். பிறந்த குலத்தின் தொழிலிலேயே பிள்ளைகளைக் கட்டிவிடும் என்று கடும் எதிர்ப்பு எழவே, 1954-இல் அது கைவிடப்பட்டது. உழைப்பைப் பழகுவது குற்றமன்று. தொழிலைத் தெரிந்துகொள்ளும் உரிமையைக் குழந்தை இழப்பதே குற்றம்.

ஆகவே, பதினான்கு வயது வரை இக்கேள்விக்கே இடமில்லை. 2010-இல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரை கல்வியை உரிமையாக்கியிருக்கின்றது. பள்ளி நேரம் போக வீட்டுத் தொழிலில் உதவுவது வேறு. வகுப்பை விட்டு வேலைக்குப் போவது வேறு.

அதன் பின்னர் வழிகள் பல. தொழிற்பயிற்சி நிலையத்தில் இரண்டாண்டுப் பயிற்சி முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். பாலிடெக்னிக் முடித்தவர் அவ்வாறே பொறியியல் கல்லூரியில் சேரலாம். நிலத்தின் மேல் பற்றுள்ளவர்க்குக் கிள்ளிகுளம் வேளாண்மைக் கல்லூரியும், கடலின் மேல் பற்றுள்ளவர்க்குத் தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியும் இம்மாவட்டத்திலேயே உள்ளன. இடையில் நின்றவர் தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பை முடிக்கலாம். 2022-இல் தொடங்கிய புதுமைப்பெண் திட்டமும், 2024-இல் தொடங்கிய தமிழ்ப்புதல்வன் திட்டமும், அரசுப் பள்ளிகளில் பயின்று மேற்படிப்புக்கோ தொழிற்பயிற்சிக்கோ செல்வோர்க்கு மாதம் 1,000 ரூபாய் வழங்க ஏற்பட்டவை.

பிள்ளையைத் தொழிலுக்கு அனுப்ப எண்ணும் பெற்றோர் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ள வேண்டும். அத்தொழில் பத்தாண்டு கழித்தும் சோறு போடுமா? அதை முறையாகக் கற்பிப்பவர் யார்? தொழில் நொடித்தால் படிப்புக்குத் திரும்ப வழி உண்டா? மூன்றாவது கேள்விக்கு 'இல்லை' என்ற விடை வருமாயின், முடிவை ஒத்திப்போடுவதே விவேகம். இக்கேள்விகளைப் பிள்ளையையும் அருகில் வைத்துக்கொண்டே ஆராய்க. பெண்பிள்ளை என்பதற்காக ஒரு கேள்வியையும் விட்டுவிடலாகாது.

பஞ்சாயத்து உறுப்பினர்க்கும் இதில் கடமை உண்டு. தத்தம் வார்டில் பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகளின் பட்டியலைத் தலைமையாசிரியரிடம் பெற்று, வீடு தேடிச் சென்று காரணத்தை அறிதல் வேண்டும். காரணம் கட்டணமா, பேருந்து வசதியின்மையா, தேர்வில் தோல்வியா என்று தெரிந்தால் பரிகாரமும் புலப்படும். மே 1-ஆம் நாள் கிராம சபையில், சேர்க்கைக் காலம் தொடங்குமுன், இப்பொருளை எடுத்துப் பேசினால் பல குடும்பங்கள் காலத்தே பயன்பெறும்.