காவற்கொட்டிலுக்கு ஒரு மறைப்பு

வயலில் வெருளி கட்டுதல் வன்னிக் கமக்காரர் அனைவரும் அறிந்த வழக்கம். வெருளி கண்ணிற் படுவதற்கென்றே ஆக்கப்படுவது. இத்துண்டுப் பிரசுரம் அதற்கு நேர்மாறான ஒன்றைப் பற்றியது. பழஞ் சாக்கைக் கொண்டு வீட்டிலேயே செய்யத்தக்கதும், காவலிருப்பவரை விலங்கின் கண்ணிற் படாமற் காப்பதுமான மறைப்பே அது.

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களிற் காட்டை அடுத்துள்ள வயல்களுக்குப் பன்றி, மயில், குரங்கு, யானை என்பன வருகின்றன. விடிந்தபின் அழிவைக் காணும் கமக்காரர், அழித்தது யாதென்பதைப் பெரும்பாலும் ஊகத்தாலேயே முடிவு செய்கின்றார். பன்றிக்கென இட்ட வேலி மயிலைத் தடுக்காது. மயிலுக்கெனக் கட்டிய மினுங்கு நாடா பன்றியைத் தடுக்காது. ஊகத்தை நம்பி வைக்கப்படும் பொறித்துவக்கும், வெடி பொதிந்த இரையும், வீட்டு மின்சாரம் பாய்ச்சிய கம்பியும் அயலவரின் உயிரையும் யானையின் உயிரையும் பறிக்கின்றன. 2025ஆம் ஆண்டு மார்ச் 15ஆம் நாள் காலை 8 மணி முதல் 5 நிமிட நேரம், பயிர்க்கேடு செய்யும் குரங்கு, மயில் முதலியவை நாடெங்கும் எண்ணப்பட்டன. நாட்டுக்கு வேண்டிய அவ்வெண்ணிக்கை ஒவ்வொரு வயலுக்கும் வேண்டும். வருவது எது, எத்தனை, எவ்வழியாக வருகிறது என்பவற்றை அறிந்த பின்னரே பரிகாரத்துக்குப் பணம் செலவிடுதல் தகும்.

இயற்கை காட்டும் வழி

ஆட்காட்டி வெறுந்தரையில் முட்டையிடும். அம்முட்டையின் கரும்புள்ளிகள் அதன் உருண்டை வடிவைக் குலைத்துக் கற்களோடு கலக்கச் செய்கின்றன. சருகில் அமர்ந்திருக்கும் பக்கியை மிதிக்கும் அளவு நெருங்கினும் காண்பதரிது. உருவத்தின் விளிம்பு உடைந்தாற் கண் அதனைப் பொருளாகக் கொள்ளாது என்பதைப் பிரித்தானிய விலங்கியலாளர் ஹியூ கொட் 1940இல் வெளியிட்ட நூலில் விரிவாக விளக்கினார். மானின் முதுகு கருத்தும் வயிறு வெளுத்தும் இருப்பதன் பயனை அமெரிக்க ஓவியர் அபொட் தேயர் 1896இல் எடுத்துக்காட்டினார். மேலிருந்து விழும் வெயில் முதுகை வெளிறச் செய்யும். நிழல் வயிற்றைக் கருக்கச் செய்யும். மேற்புறக் கருமையும் கீழ்ப்புற வெண்மையும் அவ்வேறுபாட்டைச் சமன்செய்கின்றன.

எவ்விலங்கின் கண் எத்தகையது?

குரங்கின் நிறப்பார்வை ஏறத்தாழ எம்முடையது போன்றது. பன்றிக்கும் மானுக்கும் சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிதல் அரிது. அவற்றுக்கு நிறத்தைவிடக் கருமை வெண்மை வேறுபாடும் அசைவுமே புலப்படும். மயிலும் கிளியும் எம்மினும் நன்றாக நிறம் காண்பவை. எமது கண்ணுக்குப் புலனாகாத புறஊதா ஒளியையும் பறவைகளுட் பல காணும். சலவைத் தூள்களிற் சேர்க்கப்படும் வெண்மையூட்டி அவ்வொளியில் மிளிரும். ஆதலின் மறைப்புத் துணியைச் சலவைத் தூளிடாது வெறும் நீரில் அலசுக.

மாதிரி செய்து சோதித்தல்

முதலில் மூன்று சணற் சாக்குகளைத் தேயிலைச் சக்கையுடன் கொதிக்கவைத்துக் காயவிடுக. ஒன்றை அவ்வாறே விடுக. இரண்டாவதில், கஞ்சியிற் குழைத்த கரித்தூளால் ஓரங்குலப் புள்ளிகள் இடுக. மூன்றாவதில் ஒரு சாண் அகலத்துக்குக் குறையாத ஒழுங்கற்ற திட்டுக்களைக் கரியாலும் குளத்து வண்டலாலும் இடுக. இத்திட்டுக்களிற் சில சாக்கின் விளிம்பு வரை செல்லவேண்டும். வட்டமும் நேர்கோடும் வேண்டா.

பின்னர் ஒவ்வொன்றையும் வயலோரப் பற்றையின் முன் தடியில் தொங்கவிடுக. இடம் அறியாத ஒருவர் 300 அடி தொலைவிலிருந்து மெல்ல நடந்து வந்து, கண்டவுடன் நிற்கட்டும். எஞ்சிய தொலைவை அடியால் அளந்து கொப்பியிற் குறிக்க. தொலைவு எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு அம்மாதிரி நன்று. காலை, நண்பகல், மாலை என மூவேளையும் இடத்தையும் வரிசையையும் மாற்றி, ஒவ்வொரு சாக்கையும் ஆறு முறையேனும் சோதிக்க. பார்ப்பவரையும் மாற்றுதல் நன்று. ஒரு முறை கண்ட கண் மறுமுறை எளிதிற் காணும். சிறு புள்ளிகள் தொலைவில் ஒன்றாய்க் கலந்து ஒரே நிறமாகத் தோன்றுவதையும், பெருந் திட்டுக்கள் உருவை உடைப்பதையும் கமக்காரர் தாமே காண்பர்.

கைத்தொலைபேசியிற் கறுப்பு வெள்ளைப் படமொன்றும் எடுக்க. அப்படத்திற் சாக்கு பற்றையினும் வெளிறியோ கருத்தோ தனித்துத் தெரியுமாயின் சாயத்தைத் திருத்துக.

திரை அமைத்தல்

தேர்ந்த மாதிரியில் நான்கு சாக்குகளைப் பிரித்துத் தைத்தால் ஒருவர் அமர்ந்து பார்ப்பதற்குப் போதிய திரை கிடைக்கும். மேல் விளிம்பிற் காய்ந்த புல்லையும் பனையோலைக் கீற்றையும் செருகுக. காலபோகப் பயிர் பச்சையாயிருக்கும்போது ஒரு முகமும், கதிர் பழுத்து வைக்கோல் நிறமடையும்போது மறு முகமும் வெளிப்புறமாகும்படி இருபுறமும் வேறுவேறாகச் சாயமிடலாம். கரிச்சாயம் மழையிற் கரையுமாதலால் மீண்டும் பூசவேண்டும். திரையை அமைத்துச் சில நாட்கள் கழித்தே உள்ளே இருக்க. புதிய பொருளை விலங்கு ஐயுறும்.

நிறம் எவ்வளவு பொருந்தினும் மூக்கை ஏமாற்ற இயலாது. வாடைக் காற்று வீசும் காலபோகத்தில் வயலின் தென்மேற்கிலும், சோளகம் வீசும் சிறுபோகத்தில் வடகிழக்கிலும் இருத்தல் பொதுவாக ஏற்றது. விலங்கு வரும் வழியிலிருந்து உம்மை நோக்கிக் காற்று வீசவேண்டும்.

மறவாது கொள்ளவேண்டியவை

யானை வரும் வழியில் மறைந்திருத்தலாகாது. யானை மணத்தால் ஆளை அறியும்; திடீரென அண்மையிற் கண்டாற் பாயும். அங்கே உயர்ந்த பரணும் வெளிச்சமுமே பாதுகாப்பு.

மறைந்திருப்பவரை விலங்கென எண்ணி எவரும் சுடக்கூடும். ஆதலின் அயலவருக்கு முன்கூட்டி அறிவித்து, பாதையை நோக்கிய பின்புறத்திற் சிவப்புத் துணி கட்டுக. அது மனிதர் கண்ணுக்கு நன்கு தெரியும். பன்றிக்கு அதன் சிவப்பு எடுப்பாய்த் தோன்றாது.

படையினரின் சீருடையை ஒத்த அச்சுத் துணியை வாங்கி உடுத்தலாகாது. வீண் ஐயத்துக்கு இடமாகும். மறைப்புக்கு வேண்டிய தழையைச் சொந்த வேலியிலேயே வெட்டுக. 2009இல் முடிவுற்ற போரின் கண்ணிவெடிகள் எஞ்சியிருக்கக்கூடிய பற்றைகளுக்குள்ளும், எச்சரிக்கைப் பலகை நாட்டிய நிலத்துள்ளும் புகுதலாகாது.

ஏழு நாள் பார்த்து நாளும் நேரமும் விலங்கும் எண்ணிக்கையும் குறித்த கொப்பியை உமது பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுக. வேலி எங்கே வேண்டும், எத்தகைய வேலி வேண்டும் என்பதை அக்கொப்பியைக் கொண்டு இருவரும் ஆராய்ந்து துணியலாம்.