பிணம் அடக்கும் தொழிலிலிருந்து நாடாளுமன்றம் வரை: யார் இந்த சார்லஸ் டிக்ஸ்?

1955 செப்டம்பர். அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் சம்னர் என்ற சின்ன ஊர். கோர்ட்டுக்கு வந்த ஒரு கறுப்பின இளைஞர் நாடாளுமன்ற உறுப்பினர் என்பதை அங்கிருந்த வெள்ளையின காவலர்களால் நம்பவே முடியவில்லை. கறுப்பினப் பத்திரிகையாளர்களுக்காக ஓரமாகப் போட்டிருந்த சின்ன மேஜையில்தான் அவருக்கும் இடம் கிடைத்தது.

அவர் பெயர் சார்லஸ் டிக்ஸ் ஜூனியர். வயது 32. டெட்ராய்ட்டில் அவர் குடும்பத்துக்கு ‘ஹவுஸ் ஆஃப் டிக்ஸ்’ என்ற பெரிய இறுதிச்சடங்கு நிறுவனம் இருந்தது. உடலைப் பதப்படுத்துவது, சவப்பெட்டி, வண்டி, சடங்கு என எல்லாவற்றையும் கவனிக்கும் தொழில். டிக்ஸும் அதற்கென்றே இருந்த கல்லூரியில் 1946-ல் படிப்பை முடித்தவர்.

சரி, சவப்பெட்டிக்கும் அரசியலுக்கும் என்ன சம்பந்தம்?

நிறைய இருக்கு. நிறவெறி உச்சத்தில் இருந்த காலத்தில், கறுப்பினத்தவரின் உடலை வெள்ளையர் நிறுவனங்கள் பெரும்பாலும் தொடாது. தொட்டாலும் மரியாதை இருக்காது. அதனால் அந்தத் தொழில் கறுப்பினத்தவர் கைக்கே வந்தது. வாடிக்கையாளர்கள் எல்லாருமே சொந்த மக்கள். ஓர் ஆசிரியரோ ஆலைத் தொழிலாளியோ உரிமை பேசினால் மறுநாள் வேலை போய்விடும். இவர்களை யாரும் அப்படி மிரட்ட முடியாது. கையில் காசு, கூட்டம் போட ஹால், ஓட்ட வண்டி எல்லாம் உண்டு. ஊரில் எந்த வீட்டில் துக்கம் என்றாலும் முதல் ஆளாகப் போய் நிற்பவர்களை யார்தான் மறப்பார்கள்? டிக்ஸின் அப்பாவே மிச்சிகன் மாநில செனட்டராக இருந்தவர்தான். மகன் 1954-ல் ஜெயித்து, அந்த மாநிலத்தின் முதல் கறுப்பின நாடாளுமன்ற உறுப்பினர் ஆனார். அப்போது பிரதிநிதிகள் சபையில் கறுப்பினத்தவர் அவரையும் சேர்த்து மூன்றே பேர்.

இப்போது சம்னர் கோர்ட்டுக்கு வருவோம். சிகாகோவிலிருந்து லீவுக்கு வந்த 14 வயது எம்மெட் டில், கடையில் ஒரு வெள்ளையினப் பெண்ணிடம் தவறாக நடந்துகொண்டான் என்று சொல்லி, கடத்திக் கொல்லப்பட்டான். கழுத்தில் கனமான இரும்பு விசிறியை முள்கம்பியால் கட்டி ஆற்றில் வீசியிருந்தார்கள். முகமே தெரியாத அந்த உடலை, சிகாகோவில் அவன் அம்மா மேமி பெட்டியை மூடாமல் வைத்து ஊருக்கே காட்டினார்.

விசாரணையில் எதிர்த்தரப்பு வாதம் என்ன தெரியுமா? ‘அது அந்தப் பையனின் உடல்தான் என்று எப்படிச் சொல்ல முடியும்?’ விரலில் அவன் அப்பாவின் பெயரெழுத்துகள் பொறித்த மோதிரம் இருந்தும், ஷெரீஃபே கூண்டில் ஏறி அடையாளம் தெரியவில்லை என்றார். இறந்தவர்களைக் குடும்பத்திடம் ஒப்படைப்பதையே தொழிலாகக் கற்ற ஒருவர் இதையெல்லாம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். 12 வெள்ளையின ஆண்கள் இருந்த ஜூரி 67 நிமிடங்களில் இருவரையும் விடுவித்தது. சில மாதங்களில் அந்த இருவரும் காசு வாங்கிக்கொண்டு, ஆமாம் நாங்கள்தான் கொன்றோம் என்று ஒரு பத்திரிகையிடம் சொன்னார்கள்.

அதன்பின் டிக்ஸ் ஓயவில்லை. 1971-ல் உருவான காங்கிரஸ் கறுப்பின உறுப்பினர் குழுவின் முதல் தலைவர் அவர். தென்னாப்பிரிக்க நிறவெறிக்கு எதிராகத் தொடர்ந்து பேசினார். வாஷிங்டன் நகர மக்களே மேயரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையைத் தந்த 1973 சட்டத்தின் பின்னாலும் அவர் உழைப்பு உண்டு.

ஆனால் கதை இங்கே முடியவில்லை. ஊழியர்களின் சம்பளத்தை உயர்த்திக் காட்டி, அந்தப் பணத்தில் தன் சொந்தச் செலவுகளை அடைத்ததாக 1978-ல் 29 குற்றச்சாட்டுகளில் தண்டிக்கப்பட்டார். ஆச்சரியம், அடுத்த மாதமே தொகுதி மக்கள் அவரை மறுபடி ஜெயிக்க வைத்தார்கள்! 1979-ல் சபை அவரைக் கண்டித்துத் தீர்மானம் போட்டது. எதிர்த்து ஒரு ஓட்டுகூட இல்லை. 1980-ல் ராஜினாமா, பிறகு ஏழு மாதச் சிறை. மேமியின் பக்கம் நின்றவரும், இந்த மோசடியைச் செய்தவரும் ஒரே ஆள்தான். அவரைப் பற்றி எழுதும்போது இரண்டில் ஒன்றை விட்டுவிடுவது சரியல்ல என்றே தோன்றுகிறது.

வெளியே வந்தவர் ஹவார்டு பல்கலைக்கழகத்தில் அரசியல் அறிவியல் படித்துப் பட்டம் வாங்கினார். பிறகு மேரிலாந்தில், 1998-ல் 75 வயதில் இறப்பதற்கு முன், மறுபடியும் ஒரு இறுதிச்சடங்கு நிலையத்தைத் திறந்து நடத்தினார்.